ஊசி மட்டமாய் நிற்கும் ஊர்

வயல்களின் எல்லையை வரைந்த பழைய புலப்படங்களில் அளவு இன்னும் லிங்க் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு லிங்க் என்பது 7.92 அங்குலம். அந்த ஒரு லிங்குக்காக அண்ணனும் தம்பியும் வரப்பின் இரு பக்கமும் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நெல்லை மாவட்டத்தில் 12 ஆண்டுகளாக நில அளவராக இருக்கிறேன். புள்ளி இதுதான் என்று உறுதியாகும்வரை நகராமல் நிற்பது என் வேலை. விடியற்காலையில் நான் பழகும் விளையாட்டில் அப்படி நின்றால் தோற்றுப்போவேன்.

ஓரியண்டியரிங் என்று அதற்குப் பெயர். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. வரைபடத்தில் வட்டமிட்ட இடங்களில் வெள்ளையும் ஆரஞ்சுமாக, 30 சென்டிமீட்டர் சதுரக் கொடிகள் தொங்கும். வரிசை மாறாமல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வர வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது ஓடுகிறவர் பாடு. சுவீடனில் சாரணர் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் கில்லாண்டர், முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் இதை இளைஞர்களிடம் பரப்பினார். 1966இல் பின்லாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தது. கல்லூரியில் என்.சி.சி.யில் படித்த மேப் ரீடிங்கும், சுவீடனில் வேலை பார்க்கும் என் தம்பியும் சேர்ந்து என்னை இதற்குள் இழுத்துவிட்டார்கள்.

தம்பி அனுப்பிய முதல் பார்சலில், கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் திசைகாட்டி ஒன்று இருந்தது. ஊருக்குப் பக்கத்துப் பொத்தையடியில், அதாவது சிறு பாறைக்குன்றின் அடியில் நின்று அதைப் பிடித்துப் பார்த்தேன். ஊசியின் தென்முனை தாழ்ந்து அடியில் உரசியது. கையைத் திருப்பினால் ஊசியும் கூடவே திரும்பியது. வழியில் உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். காரணம் வேறு. புவியின் காந்தக் கோடுகள் வடக்கே போகப் போக நிலத்துக்குள் சரிந்து இறங்கும். சுவீடனில் அது ஊசியின் வடமுனையைக் கீழே இழுப்பதால், ஈடுகட்டத் தென்முனையில் சிறிது எடை கூட்டிச் செய்கிறார்கள். நம் ஊர், அந்தக் கோடுகள் நிலத்துக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. இங்கே அந்த இழுப்பு இல்லையென்றே சொல்லலாம். கூட்டிய எடை மட்டும் மிஞ்சுகிறது. கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதும் ஊர் அந்தக் கோட்டருகே இருப்பதால்தான். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். சிற்பங்கள் உள்ள கோயில் ஊர் என்பதற்கு மேல் எனக்குத் தெரிந்ததில்லை. அப்புறம் நம் மண்டலத்துக்கென்று செய்த திசைகாட்டியைத் தம்பி தேடி வாங்கி அனுப்பினான். ஊசி மட்டமாய் நின்ற அன்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

பயிற்சிக்கு வரைபடம் வேண்டும். புலப்படம் அதற்கு உதவாது. நிலத்தின் எல்லை எது என்று அது சொல்லும். உள்ளே பாறையா, பள்ளமா, முள் உடங்காடா என்று சொல்லாது. ஓரியண்டியரிங் வரைபடம் இதற்கு நேர்மாறு. உயரக்கோடு பழுப்பு, தண்ணீர் நீலம், பாறையும் கட்டடமும் கறுப்பு, திறந்தவெளி மஞ்சள். ஓடத் தோதான காடு வெள்ளை. புதர் அடர அடரப் பச்சை கூடும். தம்பி அனுப்பிய படங்களில் வெள்ளை நிறைந்திருக்கும். நான் வரைந்ததில் மஞ்சளும் கடும்பச்சையும்தான். சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் ஆள் நுழைய முடியாது. முள் ஷூவின் அடியையே துளைத்துவிடும். ஓப்பன்ஓரியண்டியரிங் மேப்பர் என்ற இலவச மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, ஞாயிறுதோறும் நடந்து சரிபார்த்து, ஒரு குளத்தையும் அதையொட்டிய பொத்தையையும் வரைந்து முடிக்க ஏழு மாதம் ஆனது.

சுவீடனில் பிறருடைய காட்டுக்குள்ளும் நடக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. இங்கே மேற்கே பார்த்தால் மலை தெரியும். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், அங்கே கொடி கட்டும் எண்ணமே வரக்கூடாது. புறம்போக்கும் தரிசும் எனக்குப் போதும். பட்டா நிலத்தைக் கடக்க வேண்டியிருந்தால் உரியவரிடம் கேட்டுவிடுவேன். "என்ன சர்வேயரம்மா, ஞாயித்துக்கிழமையும் கல்லைத் தேடுதீயளா?" என்று கேட்ட பெரியவர், இப்போது தன் கிணற்றடியிலேயே ஒரு கொடி கட்ட இடம் தந்திருக்கிறார்.

நேரம் கிடைப்பதுதான் சிரமமாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். நாலரைக்கு எழுந்தால் நேரம் கிடைத்துவிடுகிறது. ஒருநாள் காலை, தம்பி குறித்து அனுப்பிய பாதையில் வேகமாக வரைபடம் படித்து ஓடிவிட்டு, மிகுந்த பெருமையோடு வேலைக்குப் போனேன். அன்று, அளப்பதற்கு அடிப்படையாகப் போடும் நேர்கோடான ஜி லைனுக்கு வலப்பக்கம் எழுத வேண்டிய ஓர் அளவை இடப்பக்கம் எழுதிவிட்டேன். சாயங்காலம் படத்தில் ஏற்றும்போது வரப்பு பக்கத்து வயலுக்குள் போய் நின்றது. மறுநாள் திரும்பப் போய் அந்தக் குடும்பத்தை மறுபடி அழைத்து அளந்தேன். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டாம் நாளும் வெயிலில் வந்து நின்றார்கள். அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இதன் மறுபக்கத்தையும் பார்த்தேன். ஓர் எல்லைத் தகராறில் நாலு மணி நேரம் இரு தரப்புப் பேச்சையும் கேட்டுவிட்டு, சாயங்காலம் குளத்துக்குப் போனேன். அடுத்தடுத்து இரண்டு மடைகள். முதல் மடையை இரண்டாவது என்று எடுத்துக்கொண்டு, என் கணவர் கட்டிவைத்த கொடியை இருபது நிமிடம் தப்பான இடத்தில் தேடினேன். கால் அன்று நன்றாகத்தான் ஓடியது. களைத்திருந்தது தலை.

புலப்படம் படிப்பதும் இந்த வரைபடம் படிப்பதும் ஒரே கிணற்றுத் தண்ணீர். காலையில் இறைத்துவிட்டால் பகலுக்கு ஊற வேண்டும். அதிலிருந்து, வயலில் அளவு உள்ள நாட்களில் வெறும் ஓட்டம்தான். தெரிந்த சாலை, படம் கிடையாது. திங்கட்கிழமை மனு நாள், அன்று ஓய்வு. ஞாயிறு முழுக்க வரைபடம். வாரத்தின் நடுவில் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், பழைய போட்டி வரைபடம் ஒன்றைப் பத்து விநாடி பார்த்து மூடிவிட்டு மகளிடம் வழியைச் சொல்வேன். அவள் படத்தைத் திறந்து சரிபார்ப்பாள்.

இதையெல்லாம் நான் தனியாகச் சமாளித்தேன் என்றால் அது உண்மையாகாது. மகளைப் பள்ளிக்குக் கிளப்புவது என் கணவர். கிளம்பும் முன் பாதையைப் படமெடுத்து, திரும்பும் நேரத்தோடு அவருக்கு அனுப்பிவிடுவேன். கால்மணி தாமதமானால் போன் வரும். "ஏட்டி, இருட்டுக்குள்ள பாம்பு பூச்சி கெடக்கும்" என்று அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் நன்றாக விடிந்த பிறகே புதரோரம் போகிறேன். ஞாயிறு மதியச் சமையல் முழுவதும் என் பொறுப்பு.

2023 டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு மூன்று மாதம் பயிற்சியே இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. வரப்புகள் கரைந்து, எல்லைக் கற்கள் மண்ணுக்குள் போய்விட்டன. எங்கு பார்த்தாலும் மனுக்கள். தண்ணீர் தேங்கி வடிந்த தெரு ஒன்றில், வீடு வீடாகச் சுவர்களில் சேற்றுக்கறை ஒரே மட்டத்தில் ஓடியதைப் பார்த்தேன். மேட்டு வீட்டில் முழங்கால் உயரம், பள்ளத்து வீட்டில் சன்னல் உயரம். வரைபடத்தில் பழுப்பாகப் பார்த்துப் பழகிய உயரக்கோடு அப்படியே சுவரில் கிடந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பாத்திரங்களை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சி விட்டுப்போனதே என்று அந்த மாதங்களில் ஒரு நாளும் தோன்றவில்லை.

வருகிற ஜூலையில் சுவீடனில் ஓ-ரிங்கன் என்ற ஐந்து நாள் போட்டி. வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு, யாரும் கலந்துகொள்ளலாம். ஈட்டிய விடுப்பு இருக்கிறது, வெளிநாடு போகத் தடையின்மைச் சான்றுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போன ஞாயிறு மகள் தானே ஒரு வரைபடம் வரைந்து கொண்டுவந்தாள். மடை, மறுகால், மூன்று பனை, கிணறு. வடக்கு எது என்று கேட்டேன். சுவீடன் கிடக்கும் பக்கம் கைகாட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக் குனிந்துகொண்டாள்.

"ஊசி நிக்கட்டும்மா, சொல்லுதேன்."