சொல்லுக்கு இத்தனை சென்ட்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கு எழுதுவோருக்குக் கூலி பெரும்பாலும் சொல் கணக்கில்தான். சொல்லுக்கு 6 சென்ட் என்றால் 5,000 சொல் சாகசத்துக்கு, அதாவது ஆடுவதற்கான கதைத்திட்டத்துக்கு, 300 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எழுத 10 மணி நேரம். விதிகளைச் சரிபார்க்க, ஆடிப் பார்க்க, திருத்த இன்னொரு 20 என்று வையுங்கள். மணிக்கு 10 டாலர்தான் தேறும். அரக்கர்களின் பலத்தையும் தாக்குதலையும் எண்ணில் சொல்லும் கட்டங்கள் இன்னும் மோசம்: 150 சொல்தான், ஆனால் சேதக் கணக்கு சரியாக வருவதற்குள் அரை நாள் போய்விடும். அதற்குத் தனி விலை கேளுங்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது பணம் எப்போது வரும் என்ற வரியை. ‘வெளியானதும்’ என்றிருந்தால், பலரிடம் முன்கூட்டியே திரட்டும் கூட்டுநிதியில் நடக்கும் புத்தகம் ஓராண்டு தள்ளிப்போகும்போது உங்கள் பணமும் தள்ளிப்போகும். ‘கைப்பிரதியை ஏற்ற 30 நாளில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். 5,000 கேட்ட இடத்தில் 6,500 கொடுக்காதீர்கள். கூடுதலுக்குக் காசு வராது, பக்க அமைப்பும் குலையும். வெட்டில் போவது எப்போதும் நமக்குப் பிடித்த பத்திதான்!

உரிமை பெரும்பாலும் பதிப்பாளருக்கே. அதனால் சொந்தமாகவும் வெளியிடுங்கள். இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5.1 அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில், பிறரும் எடுத்துப் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. மூலத்தை முறையாகக் குறிப்பிட்டால், அதை வைத்து நீங்கள் எழுதியதை விற்கலாம்.