எஞ்சின் பிறகு வரட்டும், முதலில் தண்டவாளம்

வெளிநாட்டுப் பெட்டியில், நிஜ ரயிலைச் சுருக்கிச் செய்த மாதிரி ரயில் எஞ்சின் ஒன்று புதிதாக வந்து இறங்கியதும் படம் எடுத்து அனுப்பும் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இதை எதன் மேல் ஓட்டப் போகிறீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. வந்தால், "பெட்டியோடு கொடுத்த வட்டத் தண்டவாளம் இருக்கிறதே" என்பார்கள். ஐம்பதாயிரம் ரூபாய் எஞ்சினுக்கு அந்தக் கதி.

எனக்கு இந்தக் கோணல் புத்தி வந்ததற்கு அப்பா காரணம். தென்னக ரயில்வேயில், மாயவரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே குத்தாலம் பக்கத்தில், பாதையைப் பராமரிக்கும் கேங்குக்கு மேஸ்திரியாக இருந்தார். அப்போது அது மீட்டர் கேஜ், அதாவது இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள பாதை. ஊர்ப் பையன்கள் எல்லாம் எஞ்சினை வேடிக்கை பார்ப்பார்கள். அப்பா எஞ்சின் போன பிறகு தண்டவாளத்தை வேடிக்கை பார்ப்பார். முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் ஏறக்குறைய இரும்பில் படும்படி குனிந்து, தண்டவாளத்தின் உள்விளிம்பு வழியே தூரத்துக்குப் பார்வையை ஓட்டுவார். பிறகு கையை மட்டும் இடப்பக்கமோ வலப்பக்கமோ அசைப்பார். ஐம்பது அடி தள்ளிக் கடப்பாரையோடு நிற்கும் நால்வர் அந்தக் கைக்கு ஏற்றபடி பாதையை நெம்புவார்கள். மும்பை செம்பூர் வீட்டில் புத்தக அலமாரிக்கு மேலே ஓரடி அகலப் பலகையில் இன்று நான் செய்வதும் அதுதான். நெம்புவதற்கு ஆள் இல்லை, நகமே போதும்.

மாதிரி ரயிலில் கணக்குத்தான் முதல் தலைவலி. உலகில் அதிகம் விற்கும் அளவு எச்ஓ. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 1435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பா, அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு கேஜ். அவர்களுக்குக் கச்சிதம். பிரிட்டிஷ்காரர்கள் போன நூற்றாண்டின் முற்பகுதியில் வேறு வழியில் போனார்கள். அவர்கள் ஊர் எஞ்சின்கள் குட்டையானவை. அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையவில்லை. உடலை 76-இல் ஒரு பங்காகப் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை மட்டும் அதே 16.5-இல் விட்டுவிட்டார்கள். அதற்கு ஓஓ என்று பெயர். சரியாக இருக்க வேண்டியது 18.83. இந்தக் குறையைச் சகிக்க முடியாதவர்கள் 18.2-க்குப் போய் அதை இஎம் என்றார்கள். அதுவும் போதாதவர்கள் 18.83-ஐயே பிடித்துக்கொண்டு பி4 என்றார்கள். ஃபைன்ஸ்கேல் என்று பொழுதுபோக்குக்காரர்கள் சொல்லும் நுண்ணளவுப் பாதையின் பிடிவாதம் அங்கே வளர்ந்ததுதான். இப்போது இஎம் அளவுக்கு, மாதிரித் தண்டவாளம் செய்யும் பிரிட்டனின் பெக்கோ நிறுவனமே தண்டவாளம் தயாரித்துக் கொடுக்கிறது. பி4 ஆட்களில் பலர் இன்னமும் தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தாங்களே ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நம் நாட்டுக் கதை இதைவிட மோசம். நமது அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 87-ஆல் வகுத்தால் 19.26. கடையில் கிடைப்பதோ 16.5. ஆகவே நம்மவர்கள் ஆசையாக வாங்கும் இந்திய எச்ஓ எஞ்சின்கள், நிஜ அளவில் 24 சென்டிமீட்டர் குறுகிய பாதையில், அண்ணன் தம்பியின் செருப்பை மாட்டிக்கொண்டதுபோல நிற்கின்றன. பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. நேர் எதிரே நின்று பாருங்கள், பொறுக்காது. மும்பையில் வாங்கியபடியே எச்ஓ தண்டவாளத்தில் அளவு தவறாமல் ஓடக்கூடிய உள்ளூர் வண்டி எதுவென்றால் மெட்ரோதான்; 2014-இல் வெர்சோவாவுக்கும் காட்கோபருக்கும் இடையே ஓடத் தொடங்கிய முதல் பாதையே ஸ்டாண்டர்டு கேஜ். டெல்லிக்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை முழுதாக இல்லை. அங்கே மெட்ரோவின் முதல் பாதைகள் அகலப் பாதையில் போடப்பட்டவை.

இடைவெளி மட்டுமல்ல, உயரமும் பிரச்சினை. சாதாரண மாதிரித் தண்டவாளம் உயரக் குறியீட்டில் கோடு 100, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நூறு, 2.54 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 22 சென்டிமீட்டர் உயரத் தண்டவாளம்! இன்று நமது முக்கியப் பாதைகளில் கிடக்கும், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளமே 172 மில்லிமீட்டர்தான். அப்பா காலத்து மீட்டர் கேஜில் கஜத்துக்கு அறுபது பவுண்டு தண்டவாளம். உயரம் 114 மில்லிமீட்டர். எழுபத்தைந்து பவுண்டு என்றால் 129-க்குப் பக்கம். எனக்கு வேண்டியது அந்த மீட்டர் கேஜ்தான். அதை 87-இல் ஒரு பங்கு மாதிரியில் கொண்டுவர 1.3 முதல் 1.5 மில்லிமீட்டர் வேண்டும். பல ஆண்டுகளாக இந்த இடத்தில்தான் நான் முட்டிக்கொண்டு நின்றேன்.

வழி திறந்தது எதிர்பாராத பக்கத்திலிருந்து. 2022-இல் பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் டிடி:120 என்று 120-இல் ஒரு பங்கு அளவில் புதிய ரயில்களை அறிவித்தது. சின்ன வீட்டுக்காரர்களுக்கான அளவு. 12 மில்லிமீட்டர் தண்டவாளம். 120-ஆல் பெருக்கினால் 1440, ஐந்து மில்லிமீட்டர் மட்டுமே பிசகு. பிரிட்டிஷ் சந்தையில் கடைக்குப் போய் வாங்கும் ரயிலில் இப்படியொரு சுத்தமான கணக்கு அபூர்வம். பெக்கோவும் அதற்குத் தண்டவாளம் போட்டது, கோடு 55-இல்.

எனக்கு அந்த ரயில்கள் மீது பெரிய மோகம் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்ததும்தான் காகிதமும் பென்சிலும் எடுத்தேன். 12 மில்லிமீட்டர் என்பது 87 கணக்கில் 1044. மீட்டர் கேஜுக்கு நாலு சென்டிமீட்டர் கூடுதல், கண்ணுக்குத் தெரியாது. கோடு 55 என்றால் 1.4 மில்லிமீட்டர் உயரம். 87-ஆல் பெருக்கினால் 122, அறுபது பவுண்டுக்கும் எழுபத்தைந்து பவுண்டுக்கும் நட்ட நடுவே. மீட்டர் கேஜ் மரக்கட்டை 1.8 மீட்டர் நீளம், 20 சென்டிமீட்டர் அகலம், மாதிரியில் 20.7-க்கு 2.3 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் கட்டை எட்டரை அடி, பத்து அங்குலம், 120-இல் 21.6-க்கு 2.1. அங்கே ஒரு மயிரிழை, இங்கே ஒரு மயிரிழை. இங்கிலாந்துக்காரன் தன் அகலமான பாதைக்குச் செய்தது மாயவரம் லைனுக்குப் பொருந்துகிறது!

பொருந்தாத ஒன்று, கட்டைகளின் நெருக்கம். நம் மீட்டர் கேஜில் தண்டவாளத் துண்டு 12 மீட்டர். அதற்கடியில் எத்தனை கட்டை என்பதைத் துண்டின் மீட்டர் நீளத்தோடு நாலு, ஏழு என்று கூட்டிச் சொல்வது வழக்கம். நான் எடுத்துக்கொண்டது கூட்டல் நாலு, ஆகப் பதினாறு கட்டை. மாதிரியில் 138 மில்லிமீட்டருக்குள் பதினாறு, அதாவது ஒன்றுக்கொன்று எட்டரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கடைத் தண்டவாளத்தில் கட்டைகள் இதைவிட நெருங்கி இருக்கும். நெருங்கிய கட்டை நம் கண்ணுக்கு உடனே வெள்ளைக்காரப் பாதையாகத் தெரிந்துவிடும். வேலை சுலபம்தான். கட்டைகளைக் கீழே இணைத்திருக்கும் பிளாஸ்டிக் நரம்பைக் கூரிய பிளேடால் அறுத்துவிட்டால், மணியைக் கோத்த நூலில் நகர்த்துகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகலாம். அடியில் கோடு போட்ட காகிதத்தை விரித்துக்கொள்கிறேன். பதினாறையும் சமதூரத்தில் வைக்கக் கூடாது. இரண்டு தண்டவாளத் துண்டுகளைப் பூட்டும் இரும்புத் தகடான ஃபிஷ்பிளேட் வரும் இணைப்பின் இருபுறமும் உள்ள கட்டைகள் நெருங்கி இருக்க வேண்டும், சக்கரத்தின் அடி விழும் இடம் அது. 138 மில்லிமீட்டருக்கு ஒருமுறை தண்டவாளத் தலையில் மெல்லிய ரம்பத்தால் ஒரு கீறல். வண்டி ஓடும்போது அந்தக் கீறலில் சக்கரம் தட்டும் சத்தம் கேட்கும். என் மனைவிக்கு இந்த விளையாட்டில் பிடித்த ஒரே விஷயம் அந்தச் சத்தம்.

இணைப்புகளுக்கு மட்டும் கருப்பும் பழுப்பும் கலந்த எண்ணெய்க் கறை பூசுகிறேன். ஆண்டுக்கொருமுறை ஃபிஷ்பிளேட்டைக் கழற்றி மசகு தடவிப் பூட்டுவது கேங்கின் வேலை. அந்தக் கறை ஜல்லியில் இறங்கி இணைப்புதோறும் ஒரு கரிய திட்டு இருக்கும். வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் பாதை முழுக்க ஒரே துருநிறத்தை அடித்துவிடுகிறார்கள்.

பாயிண்ட் எனப்படும் பிரிபாதையைக் கையால்தான் செய்கிறேன். பெக்கோவின் 16.5 அளவுப் பாயிண்டுகள் பெரும்பாலும் 12 பாகைக் கோணத்தில் பிரியும், ஏறக்குறைய 4.7-க்கு ஒன்று, அதாவது 4.7 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு விலகும். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக அப்படி. நம் யார்டுகளில் எட்டரைக்கு ஒன்று என்றால் ஏழு பாகைகூட இல்லை; முக்கியப் பாதையில் பன்னிரண்டுக்கு ஒன்று. அந்த நீண்ட, சோம்பலான வளைவு இல்லாவிட்டால் பாதைக்கு ரயில்வே முகம் வராது. டெம்ப்லாட் என்ற இலவச மென்பொருளில் கேஜையும் கோணத்தையும் கொடுத்தால் வரைபடம் அச்சாகி வருகிறது. லாமிங்டன் ரோட்டில் செம்புத் தகடு ஒட்டிய சர்க்யூட் பலகை கிடைக்கும். அதைக் கட்டை அகலத்துக்கு வெட்டி, வரைபடத்தின் மேல் ஒட்டி, தண்டவாளத்தை நேரடியாக அதன்மேல் பற்றவைக்கிறேன். மாதிரி எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியே வருவதால் ஒவ்வொரு கட்டையின் நடுவிலும் செம்பைக் கீறிவிட வேண்டும். மறந்தால் இரண்டு தண்டவாளமும் மின்சாரத்தில் கைகோத்துவிடும். இரு பாதைகளின் தண்டவாளங்கள் சந்திக்கும் கிராசிங் மூக்கு என்பது அரத்தால் ஊசிமுனையாக ராவிய இரண்டு தண்டவாளம். அதற்கு மின்முனை மாறும்படி தனி ஸ்விட்ச்.

இதற்கெல்லாம் இடைவெளியைப் பிடித்து வைக்கும் கேஜ் என்ற கருவி வேண்டும், தண்டவாளம் உட்காரப் பள்ளம் வெட்டி, பித்தளையில் கடைந்த உருளை. தாராவி 90 அடி ரோட்டில் லேத் வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சியிடம் போனேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த மெஷினுக்கு சார்?"

"ரயிலுக்கு, அண்ணாச்சி. சின்ன ரயில்."

"பொம்மைக்கா இவ்வளவு நுணுக்கம்? அரை நூல் முன்னே பின்னே இருந்தால் என்ன குறைந்துவிடும்?"

அரை நூல் என்பது 1.6 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கினால் 14 சென்டிமீட்டர். அவ்வளவு அகன்றால் வண்டி நேராகக் கட்டை மேல்தான் ஓடும். கணக்கைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. மைக்ரோமீட்டரை எடுத்துத் துடைத்தார். பள்ளத்தின் ஓரங்களைத் தனியாக ஒருமுறை சீவி, விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். பெரிய தொழிற்சாலையிலிருந்து வரும் பொருளில் இந்த அக்கறையை எல்லா நேரமும் எதிர்பார்க்க முடியாது.

சரி, இதன்மேல் என்ன ஓடுகிறது? டிடி:120-இல் வரும் ஆறு அச்சு டீசலின் அடிப்பாகம். மேலே முப்பரிமாண அச்சில் எடுத்த, நம் மீட்டர் கேஜ் டீசலான ஒய்டிஎம்-4-இன் உடல். சக்கரம் சற்றுச் சிறியதுதான்; பக்கச் சட்டகம் மறைத்துவிடுகிறது. புதிய ரயில்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. சக்கர விளிம்பு மெலிந்திருக்கிறது, ஊர்ந்து போகும் வேகத்திலும் மோட்டார் திணறுவதில்லை, எஞ்சினுக்கு வரும் கட்டளைகளைப் படிக்கும் டிஜிட்டல் டிகோடரைச் செருக நெக்ஸ்ட்18 சாக்கெட் தயாராக இருக்கிறது. ஆனால் மெலிந்த விளிம்பு பாதையின் குற்றத்தை மன்னிக்காது. எழுபதுகளின் பொம்மை எஞ்சினுக்குத் தட்டுப்போல ஆழமான விளிம்பு இருந்தது. எதன்மேலும் உருளும், அதேசமயம் கோடு 55-இல் விட்டால் கட்டைகளைத் தட்டிக்கொண்டே போகும். வண்டி நேர்த்தியாகும்போது பாதையும் நேர்த்தியாக வேண்டும். எஞ்சினைத் தயாரிப்பவர்கள் இந்தப் பாதிச் செய்தியைப் பெட்டியில் அச்சடிப்பதில்லை.

மும்பைக்கென்று தனிச் சோதனை மழைக்காலம். நிக்கல் சில்வர் தண்டவாளம் துருப்பிடிக்காது. ஆனால் கடற்காற்றில் மங்கும். பலகைதான் பெரிய எதிரி, ஈரத்தில் உப்பும். மரைன் பிளைவுட்டின் ஆறு பக்கமும் வண்ணம் பூசாமல் ஒரு ஆணிகூட அடிக்க வேண்டாம். பற்றவைக்க அமிலப் பசை பயன்படுத்தினால் அன்றைக்கே பழைய பல் துலக்கியால் கழுவிவிட வேண்டும். ஆகஸ்டில் பச்சை பூத்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் புதிதாக எதையும் பலகையில் பதிப்பதில்லை. பாயிண்டுகளை மேசையில் செய்து காற்றுப் புகாத டப்பாவில் அடுக்கி வைப்பேன்.

அகலப் பாதைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் நண்பர்களுக்கும் இதே பட்டறை உதவும். 19.26-க்கு உருளை கடைந்து, சர்க்யூட் பலகைக் கட்டையில் பற்றவைத்து, சக்கரங்களை நீண்ட அச்சில் மாற்றினால் முடிந்தது. எஞ்சினைப் பிரிக்க மனம் வராது என்பதுதான் அவர்களின் சிக்கல். அதற்கு என்னிடம் மருந்தில்லை.

அண்ணாச்சியிடம் போகிறவர்கள் பித்தளைக் கம்பியை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்; அவரிடம் இருப்பது இரும்புதான். அளவை மில்லிமீட்டரில், இரண்டு தசமம் வரை, காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். பொங்கலை ஒட்டிப் போக வேண்டாம், ஊருக்குப் போயிருப்பார்.