கப்சாயை விட்டு ஜெலி வரை

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைக்கு கப்சாய் என்று நாங்கள் சொல்லும் சிறிய மோட்டார் சைக்கிளான ஹோண்டா இஎக்ஸ்5-ஐ மிஞ்சிய வண்டி இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கிளட்ச் பிடி கிடையாது, சேற்றில் சிக்கினால் ஒருவரே தூக்கி நிறுத்தலாம், எந்தக் கம்பத்துப் (கிராமத்துப்) பட்டறையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். என் அப்பா ரப்பர் பால்வெட்டுக்குப் போனதும் கப்சாயில்தான். நான் ஓட்டப் பழகியதும் அதில்தான்.

கப்சாயிலிருந்து கவாசாக்கிக்கு மாறியது வேகத்துக்காக அல்ல. கோலகங்சாரிலிருந்து வடக்கே போகும் 76ஆம் எண் சாலையில் நீண்ட நேரம் ஓட்டினால், இறங்கிய பிறகும் விரல்களில் அதிர்வு நிற்காது. எதிரே மரலாரி கடந்தால் காற்றே வண்டியை ஓரத்துக்குத் தள்ளும். டாங்கியும் சிறியது, எங்கே திரும்ப வேண்டும் என்பதை எண்ணெய் நிலையங்கள்தான் முடிவு செய்யும்.

கவாசாக்கி வெர்சிஸ்-எக்ஸ் 250 எடுத்ததற்கு உரிமமும் ஒரு காரணம். பி2 உரிமம் 250 சிசி வரைதான் செல்லும். அதற்கு மேல் என்றால் மறுபடியும் வகுப்பு, தேர்வு, செலவு. பெரிய வண்டிக்காரர்கள் இதை அரைகுறைச் சுற்றுலா வண்டி என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். 17 லிட்டர் நிரப்பிவிட்டால் அந்தப் பேச்சு என் காதில் விழாது.

முதல் நீண்ட பயணத்துக்குக் கிரிக் நகர் வழியாகக் கிளந்தான் மாநிலத்து ஜெலியைத் தேர்ந்தெடுத்தேன்.

“யானை நடமாடும் சாலையாமே, பார்த்துப் போ ஐயா” என்றார் அம்மா.

“பகலிலேயே கடந்துவிடுவேன் அம்மா” என்றேன்.

லெங்கோங்கில் பசியாறினேன். 2012இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பள்ளத்தாக்கு அது. சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்க்கத் தனியாக ஒரு நாள் வேண்டும். கிரிக்கில் டாங்கியை நிரப்பினேன். அங்கிருந்து ஜெலி வரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர், பெரும்பாலும் காடு. 1982இல் திறக்கப்பட்ட இந்தக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலை, தெமெங்கோர் ஏரியைப் பாலங்களில் கடந்து மலையேறுகிறது.

புதிய வண்டியின் அருமை அந்த ஏற்றத்தில்தான் புரிந்தது. கப்சாயில் மூன்றாம் கியருக்கு இறக்கி, மேலே போய்ச் சேருமா என்று காத்திருக்க வேண்டும். இதில் இரட்டைச் சிலிண்டர் இயந்திரம் சுற்று கூடக்கூடத்தான் உயிர் பெறுகிறது. ஆறு கியரையும் ஓயாமல் மாற்றி ஓட்டினால் வளைவுக்கு வளைவு இழுத்துக்கொண்டு போகிறது. கண்ணாடித் தடுப்பு நெஞ்சில் அடிக்கும் காற்றை வாங்கிக்கொள்கிறது. சாலை உடைந்த இடங்களில் கால்மிதியில் எழுந்து நின்றால் முதுகுக்கு வேலையில்லை. ஆனால் இறக்கத்தில் எடை தெரியும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடித்து முடித்துவிட வேண்டும். கப்சாய்ப் பழக்கத்தில் நடுவில் பிடிக்கக் கூடாது.

யானையைப் பார்க்கவில்லை, சாணத்தைச் சாலை நடுவிலேயே பார்த்தேன், ஈரம் காயாமல்.

உச்சியில் இருந்த ஓய்விடத்தில், பழைய கப்சாயில் மனைவியோடும் மூட்டைகளோடும் ஒரு கிளந்தான்காரர் வந்து இறங்கினார். என் வண்டியைச் சுற்றி வந்து விலையைக் கேட்டார். சொன்னேன். அந்தப் பணத்தில் கப்சாய் எத்தனை வாங்கலாம் என்று மனைவியிடம் விரல்விட்டு எண்ணிக் காட்டினார். மூவரும் சிரித்தோம்.

இஎக்ஸ்5-ஐ விற்கவில்லை. சந்தைக்கும் தோட்டத்துக்கும் தம்பி ஓட்டுகிறான். வெர்சிஸுக்குப் பக்கப்பெட்டிகள் பழையதாகக் கிடைத்தால், சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறித் தாப்பாவில் இறங்க வேண்டும்.