அத்தானின்ர கார் மட்டும் ஏன் பெற்றோல் குடிக்குதில்லை?

வன்னிக்குள்ள இருந்துகொண்டு காருக்கு ரயர் மாத்தப் போறன் எண்டு ஆருக்கும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. பொம்பிளை பாக்கிறன் எண்டு சொன்னாலும் இவ்வளவு பேர் அபிப்பிராயம் சொல்ல வரமாட்டினம்.

என்னட்டை நிக்கிறது ஒரு பழைய மாருதி அல்ரோ. 2020இல வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு 2025 மட்டும் புதுக் கார் பெரிசா நாட்டுக்குள்ள வரேல்லை. அந்த இடைவெளியில என்ர அல்ரோவுக்கு வயசும் ஏறினது, விலையும் ஏறினது. ரயருக்கு வயசு மட்டும்தான் ஏறினது. ரயரின்ர தவாளிப்புக்குள்ள குறுக்கால சின்னச் சின்னத் திட்டு இருக்கும். தேஞ்சு தேஞ்சு மேல்மட்டம் அந்தத் திட்டோட சமமா வந்தா 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், மாத்தவேணும் எண்டு அர்த்தம். என்ர முன்ரயர் ரண்டிலயும் திட்டைத் தேடிப் பாத்தன். திட்டு இருக்கிறதுக்குத் தவாளிப்பு வேணுமே.

"இஞ்சேருங்கோ, வாங்கிறதுதான் வாங்கிறியள், கனகாலம் உழைக்கிறதா, பெற்றோலும் குடிக்காததா பாத்து வாங்குங்கோ" எண்டா மனிசி. கேக்க நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்த ரண்டும் ஒரே ரயருக்குள்ள லேசில குடியிருக்காது. கனகாலம் தேயாமல் இருக்க றப்பர் தடிப்பா வேணும். தடிச்ச றப்பர் ஒவ்வொரு சுத்துக்கும் நசிஞ்சு நிமிர்ந்து சூடாகும். அந்தச் சூட்டுக்குக் காசு குடுக்கிறது எங்கட பெற்றோல் ராங்க். 1992இல மிச்செலின்காரர் றப்பருக்குள்ள போடுற கரியில கொஞ்சத்தைக் குறைச்சு சிலிக்கா கலந்து, பெற்றோல் மிச்சம் பிடிக்கிற ரயர் எண்டு ஒண்டை வெளியில விட்டவை. சிலிக்கா எண்டா மணலில கிடக்கிற அதே சாமான்தான். வன்னியில மணல் ஏத்திறதுக்கு பெர்மிற் வேணும், ரயருக்குள்ள ஏத்தினா ஒருத்தரும் மறிக்கமாட்டினம்.

முதல் ஆலோசகர் பெரியப்பா. தொண்ணூறுகளில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில, துளிப் பெற்றோலைக் காபரேற்றருக்குள்ள விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயில ஒஸ்ரின் கார் ஓடின மனுசன். "நாங்கள் ரயரின்ர நம்பரே பாத்தோம், வட்டமா இருந்தாக் காணும்" எண்டார். அவரோட வாதாடேலாது. இரண்டாவது, பக்கத்துக் காணியில ட்ரக்டர் வச்சிருக்கிற அண்ணை. ரீபில்ட் ரயர் போடட்டாம், வயல் வரம்பிலயும் ஏறுமாம். அல்ரோவோட நான் ஏன் வரம்பில ஏறப்போறன் எண்டு கேக்கேல்லை, அவர் வயலுக்குக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

மூண்டாவது ஆள் பாரிசில இருந்து போனில. "மச்சான், ஸ்ரிக்கர் பாத்து வாங்கு. பெற்றோலுக்கு ஏயில இருந்து ஈ மட்டும் போட்டிருக்கும், மழையில பிடிக்கிறதுக்கும் அப்பிடித்தான். ஏ எடு." உண்மைதான், ஐரோப்பாவில 2021இல இருந்து அப்பிடித்தான் லேபிள். நான் போன ரயர் கடையிலயும் ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. அதில விலை மட்டும் இருந்தது.

கடைக்காரத் தம்பி நல்ல பெடியன். 145/80 R12 எண்டு நான் வாய் திறக்க முந்தியே ரயரை உருட்டிக்கொண்டு வந்திட்டான். 145 எண்டது மில்லிமீற்றரில அகலம், 80 எண்டது பக்கச்சுவர் அந்த அகலத்தில எத்தினை வீதம் எண்டது, 12 ரிம்மின்ர இஞ்சி. பக்கத்தில 74T எண்டு போட்டிருந்தது. 74 எண்டா ஒரு ரயர் 375 கிலோ தாங்கும். T எண்டா மணிக்கு 190 கிலோமீற்றர் வேகம் தாங்கும். என்ர அல்ரோ 80 தாண்டினாலே கண்ணாடி தந்தியடிக்கும். ரயர்க் கொம்பனிக்காரர் அதில வச்சிருக்கிற நம்பிக்கையைப் பாக்க எனக்கே வெக்கமாப் போச்சு.

நான் குந்தியிருந்து ரயரின்ர பக்கத்தைத் தடவித் தடவி வாசிக்க, தம்பி "என்ன அண்ணை தேடுறியள்?" எண்டான். அதில பொறிச்சிருக்கிற குறியின்ர கடைசி நாலு இலக்கத்தைத்தான். 2319 எண்டு இருந்தா 2019ஆம் ஆண்டு 23ஆவது கிழமை செய்தது. ஓடாமல் கடையில கிடந்தாலும் றப்பர் இறுகிக்கொண்டுதான் இருக்கும். தம்பி முதல் கொண்டுவந்ததைப் பேசாமல் உருட்டிக்கொண்டுபோய் உள்ள வச்சிட்டு வேறை ஒண்டு எடுத்துவந்தான். வேறை சில ரயரில தேய்மானத்துக்கு 300, 400 எண்டு ஒரு நம்பரும் இருக்கும். 100 எண்டு வச்ச ஒரு சோதனை ரயரோட ஒப்பிட்டுக் குடுக்கிற கணக்கு அது. சோதனை ஓட்டம் டெக்சாஸ் றோட்டில. ஒட்டுசுட்டான் உள்றோட்டுக் கிறவலில எவ்வளவு உழைக்கும் எண்டு அந்த நம்பரிட்டைக் கேக்கக்கூடாது.

அப்பதான் அத்தான் வந்து சேர்ந்தார். அவரிட்டையும் அல்ரோதான். 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கின காலத்தில பிடிச்ச வருத்தம், இண்டைக்கும் லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் எண்டு கொப்பியில எழுதி வைக்கிறவர்.

"தம்பி, 80ஐப் போட்டுக் காசைக் கரியாக்காதை. நான் 145/70 போட்டனான். முந்தி 17 தந்த கார் இப்ப 18 தருது. சின்ன ரயர், பாரமில்லை, பெற்றோல் குடிக்காது."

விலையும் கொஞ்சம் குறைவுதான். ஆனா எனக்குக் கணக்கு இடிச்சுது. 80க்குப் பதிலா 70 போட்டா ரயரின்ர உயரம், மேலயும் கீழயும் 14.5 எண்டு, 29 மில்லிமீற்றர் குறையும். காரில ஓடின தூரம் காட்டிற மீற்றருக்கு றோட்டுத் தெரியாது, சில்லு எத்தினை தரம் சுத்தினது எண்டுதான் தெரியும். சின்னச் சில்லு அதே தூரத்துக்குக் கூடச் சுத்தும். 100 கிலோமீற்றர் ஓடினா மீற்றர் 105 தாண்டிக் காட்டும். 17, 18 ஆகிறதுக்கு அது அச்சொட்டாக் காணும். பெற்றோலில ஒரு சொட்டும் மிஞ்சேல்லை, கொப்பியிலதான் மிஞ்சியிருக்குது.

சொன்னா நம்புவாரோ? "வாங்கோ அத்தான், ஏ9இல கிலோமீற்றர்க் கல்லு இருக்குத்தானே" எண்டு அவற்றை காரிலயே வெளிக்கிட்டம். கிளிநொச்சியில ஒரு கல்லடியில மீற்றரைச் சைபருக்கு விட்டிட்டு மாங்குளம் பக்கம் விட்டம். இடையில முறிகண்டிப் பிள்ளையாரிட்டை நிப்பாட்டாமல் போனா எந்தக் கணக்கும் சரிவராது எண்டு அத்தான் இறங்கித் தேங்காய் உடைச்சார், கச்சானும் வாங்கினார். இருபதாவது கல்லடியில நிப்பாட்டேக்க மீற்றர் 21ஐத் தாண்டியிருந்தது. அத்தான் கச்சான் கோதை ஜன்னலால ஊதிவிட்டார். மீற்றரைப் பாத்தார், கல்லைப் பாத்தார், இன்னொரு கச்சானை உடைச்சார்.

"கல்லைப் பிழையா நட்டிட்டாங்கள்" எண்டார்.

நான் 145/80தான் போட்டன், களனியில செய்தது, நாலும். வீல் எலைன்மென்ரும் பாத்தன். அது கோணலா இருந்தா எந்த ரயரும் ஒரு பக்கம் சிரைச்சுப்போடும். மிச்சம் காத்துத்தான். நாலிலயும் 10 பி.எஸ்.ஐ. குறைஞ்சா பெற்றோல் 2 வீதமளவில கூடப் போகும், ரயரும் ரண்டு கரையிலயும் தேயும். கூட அடிச்சா நடுவில தேயும். சரியான அளவு ஓட்டுநர் பக்கக் கதவடியில ஸ்ரிக்கரில இருக்குது, ரயர் ஆறியிருக்கேக்க பாக்கவேணும். இதைக் காத்தடிக்கிற பெடியனுக்கு விளக்கமாச் சொன்னன். எல்லாத்தையும் கவனமாக் கேட்டிட்டு, "அப்ப 40 விடட்டே அண்ணை?" எண்டான்.

போன கிழமை அத்தானின்ர கோல். காரை விக்கப்போறாராம், புதுக்குடியிருப்பில இருந்து ஒரு ஆள் வந்து நிக்குதாம், மீற்றரில கிலோமீற்றர் கூட எண்டு விலையைக் குறைக்கச் சொல்லுதாம்.

"தம்பி, அண்டைக்கு ஒரு 29 மில்லிமீற்றர்க் கணக்குச் சொன்னியெல்லே? அதை ஒருக்கா இவருக்கு விளங்கப்படுத்து. கார் உவ்வளவு ஓடேல்லை, மீற்றர்தான் கூடக் காட்டுது எண்டு சொல்லு."

"சொல்லலாம் அத்தான். பிறகு லீற்றருக்கு எத்தினை ஓடும் எண்டு கேட்டா?"

"அது 18தான். அதில என்ன மாற்றம்?"