அரிப்பு எப்போது நிற்கும்?

ஆறு வருடங்களுக்கு முன்பு, விடியற்காலை நாலு மணிக்கு, காலைக் கடைக்காகச் சம்பல் கிளறிக்கொண்டிருந்தபோது என் நைட்டியின் கையில் நெருப்புப் பிடித்தது. பாலியெஸ்டர் துணி. எரிந்ததோடு விடாமல் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டது. வலது கை, கழுத்து, தாடையில் ஒரு பக்கம். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் பதற்றத்தில் கீச்சாப் ஊற்றினார்கள், பற்பசை தடவினார்கள். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் கழுவி எடுத்தபோது பட்ட வேதனை இன்னும் உடம்பில் இருக்கிறது. தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்: நெருப்புப் பட்டால் குழாயைத் திறந்து 20 நிமிடம் தண்ணீரில் காட்ட வேண்டும். பிறகு நேராக ஆஸ்பத்திரி.

இங்கே மலேசியாவில், ஈப்போவில் ஆபரேஷன் நடந்தது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையிலும் கழுத்திலும் வைத்தார்கள். முதல் சில நாள் தீக்காயத்தைவிடத் தொடைதான் அதிகம் வலித்தது. டாக்டர்களும் நர்சுகளும் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

எங்கள் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் எஸ்டேட் லயத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தாலும், யார் வீட்டில் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். மைலோ டின், பிஸ்கட் எல்லாம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். "உயிர் பொழச்சதே பெருசு" என்று ஆறுதல் சொன்னார்கள். ஆனால் போகும்போது வாசலில் அத்தையிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டது என் காதில் விழுந்தது: "நெசமாவே அடுப்புதானா?" நம் ஊரில் ஒரு பெண் உடம்பில் நெருப்புப் பட்டால் புருஷன் மேலேயோ அவள் மேலேயோதான் சந்தேகம் வரும். அன்று நெருப்பை அணைத்ததே என் கணவர்தான். அவர் உள்ளங்கையிலும் கொப்புளம் இருந்தது. அந்த மனிதர் மூன்று மாதம் காப்பிக்கடைக்குப் போகவில்லை. எனக்கு அந்தப் பேச்சுதான் காயத்தைவிட ஆறவில்லை.

பிரஷர் கார்மெண்ட் என்று ஒரு இறுக்கமான உடை கொடுத்தார்கள். தழும்பு தடித்து மேடாகாமல் இருக்க, குளிக்கிற நேரம் தவிர ஒரு நாளில் 23 மணி நேரம் போட வேண்டும். ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை வருடம். நம் வெயிலில் அது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆழமாக வெந்து தோல் ஒட்டிய இடத்தில் வியர்வையும் வராது, சூடு உள்ளேயே நிற்கும். அப்புறம் அரிப்பு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அழுவேன். வீட்டில் யாருக்கும் அது புரியவில்லை. புண்தான் ஆறிவிட்டதே என்பார்கள்.

கிளினிக்கில் கார்மெண்டைச் சரிபார்க்கக் காத்திருந்த ஒரு நாள், பக்கத்தில் ஒரு மலாய்க்கார அக்கா உட்கார்ந்தார். அவர் கையிலும் என்னைப் போலவே தழும்பு, ஆனால் வெளுத்துத் தட்டையாகியிருந்தது. என் கையைப் பார்த்தார். முகத்தில் பாவம் பார்க்கிற பார்வை இல்லை. "ராத்திரியில்தானே அதிகம் அரிக்கிறது, அடிக்?" என்று மலாயில் கேட்டார். அடிக் என்றால் தங்கச்சி. அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. சொறியாமல் உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கிரீமை ஃபிரிட்ஜில் வைத்துத் தடவுவாராம். இரண்டு கார்மெண்டை மாற்றி மாற்றித் துவைத்து, வெயிலில் போடாமல் நிழலில் காயவைப்பாராம். அரை மணி நேரப் பேச்சு. அன்று ராத்திரிதான் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன்.

என் மகள் போனில் தேடிப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் 1963-இல் ஒரு விமான விபத்தில் தீக்காயம் பட்ட ஆலன் பிரெஸ்லாவ் என்பவர், தன்னைப் போன்றவர்களுக்காக 1977-இல் ஃபீனிக்ஸ் சொசைட்டி என்ற அமைப்பைத் தொடங்கியிருக்கிறார். பிரிட்டனில் ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 18 வயதில் காரில் தீப்பிடித்து முகம் மாறியவர், 1992-இல் சேஞ்சிங் ஃபேசஸ் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் சொல்லிக்கொடுக்கும் '3-2-1' எனக்கு மிகவும் உதவியது. யாராவது உற்றுப் பார்த்தால் செய்ய மூன்று, என்ன ஆச்சு என்று கேட்டால் சொல்ல இரண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டால் மனதில் நினைக்க ஒன்று. எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ள வேண்டும். நான் கண்ணாடி முன் நின்று பழகிய பதில்: "அடுப்பு நெருப்பு பட்டுச்சு. இப்போ நல்லா இருக்கேன். உங்க பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" மார்க்கெட்டில் முதல் தடவை அதைச் சொன்னபோது குரல் நடுங்கியது. கேட்டவர் தன் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்புறம் நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஒரு மூலையில் உட்காருவோம். ரேடியேட்டர் வெந்நீர் நெஞ்சில் தெறித்த மெக்கானிக் ஒருவர். தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் வேலைக்குத் திரும்பும் திட்டத்தில் அவர் மறுபடி பட்டறைக்குப் போன கதையைக் கேட்டுத்தான் நானும் கடையைத் திறந்தேன். படிவம் நாலு படிக்கும் ஒரு பையன், அதிகம் பேச மாட்டான், ஆனால் ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை. அப்புறம், வெந்நீர் கொட்டிக் காயம்பட்ட குழந்தையின் அம்மா. அந்தம்மா உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. எங்களில் அதிகம் அழுதவர் அவர்தான். "கெட்டிலை நான்தானே ஓரத்துல வெச்சேன்" என்பதை எத்தனையோ தடவை சொல்லியிருப்பார். நாங்கள் மறுத்துப் பேசவில்லை, ஒவ்வொரு தடவையும் கேட்டோம். அது போதுமாக இருந்தது என்று பிறகு அவரே சொன்னார்.

மருந்து விஷயம் நாங்கள் பேசுவதில்லை, அது டாக்டர் வேலை. யார் காயம் பெரிது என்ற கணக்கும் கிடையாது. வார்டுக்குப் போவதென்றால் நர்ஸ் முதலில் நோயாளியிடம் கேட்க வேண்டும், அவர் சரி என்றால் மட்டும் போவோம். நான் முதல் வருடத்திலேயே ஒருவரைப் பார்க்கப் போய், கட்டில் பக்கத்தில் நின்று நானே அழுதுவிட்டேன். தப்பு. தன் காயம் மனதிலும் கொஞ்சம் ஆறிய பிறகுதான் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

போன மாதம் ஒரு பெண்ணைப் பார்க்கப் போனேன். இருபது வயதிருக்கும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் பேரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி, என் கழுத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இந்த அரிப்பு எப்போ நிக்கும்?"

"எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. ராத்திரியிலதான் அதிகம், இல்ல?"

தலையாட்டினாள். நான் சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். அவள் விரலை நீட்டி, மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள்.