ராக்கிராக்கி நாட்குறிப்பு: ஒரு கூரை நிற்பதற்கு

2 ஆகஸ்ட் 2016, செவ்வாய்

புயலில் போன வீடுகளை மீண்டும் கட்டும் எங்கள் வேலைக்கு, ஃபிஜியின் லௌட்டோகா நகரத்திலிருந்து லாரி பிற்பகலில் வந்து சேர்ந்தது. பதப்படுத்திய பைன் சட்டங்கள், கூரைத் தகரம், சிமெண்ட், திருகாணிப் பெட்டிகள் எல்லாம் இறங்கின. ஒன்று மட்டும் வரவில்லை: கைமரத்தை உத்திரத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டை. எந்தக் கடையிலும் இருப்பு இல்லையாம். அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

துத்தநாகம் பூசிய சின்னத் தகட்டுத் துண்டு அது. ஒரு வீட்டின் மொத்தச் செலவில் அதன் பங்கு மிகச் சிறியது. ஆனால் பிப்ரவரி 20 அன்று இந்த ரா மாகாணம் இழந்த கூரைகளில் பெரும்பகுதி அது இல்லாமல்தான் போனது என்று, இடிபாடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதியாகிவிட்டது.

அன்று வின்ஸ்டன் புயல் கோரோ தீவைச் சிதைத்துவிட்டு, மாலையில் ஃபிஜியின் மிகப் பெரிய தீவான விதி லெவுவின் இந்த வடகரையில்தான் ஏறியது. உச்சத்தில் அதன் காற்று மணிக்கு 280 கிலோமீட்டர். வனுவா பலாவு தீவில் 306 கிலோமீட்டர் வீச்சு பதிவானது. தென் அரைக்கோளத்தில் அதைவிட வலிய புயல் பதிவானதில்லை. 44 உயிர்கள் போயின. 30,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன அல்லது சேதமடைந்தன. ஒன்பது லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் 5,40,000 பேர் பாதிக்கப்பட்டார்கள்.

4 ஆகஸ்ட், வியாழன்

கடற்கரைக் கிராமத்தில் முறைப்படி செவுசெவு செய்தோம். கவா என்ற பானம் செய்யும் வேர்க்கட்டைக் கிராமத் தலைவர் முன் வைத்து, வந்த காரணத்தைச் சொல்லி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் இங்கே யாரும் ஒரு குழி தோண்ட முடியும். அவசர வேலைக்கு இடையில் எதற்கு இந்தச் சடங்கு என்று புதிதாக வரும் தன்னார்வலர்கள் சிலர் கேட்கிறார்கள். நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். வீடு இழந்தவர்கள் தங்கள் ஊருக்குள் நம்மை அனுமதிக்கும் உரிமையையும் இழந்துவிடவில்லை.

பிறகு ஊரைச் சுற்றி வந்தேன். தார்ப்பாய்கள் குறைந்திருக்கின்றன, புதுத் தகரம் பளபளக்கிறது. அரசின் 'ஹெல்ப் ஃபார் ஹோம்ஸ்' திட்டத்தில் சேதத்துக்கு ஏற்ப 1,500, 3,000, 7,000 ஃபிஜி டாலர் கொண்ட அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டிக் கட்டுமானப் பொருள்கள் வாங்கலாம். நல்ல திட்டம் என்றுதான் நினைக்கிறேன். பணம் இடைத்தரகர் இல்லாமல் குடும்பத்தின் கைக்கே போகிறது. ஆனால் அட்டை பொருளைத்தான் வாங்கித் தரும், தச்சரைத் தராது. கடையில் கிடைத்த தகரத்தை வாங்கி, கிடைத்த ஆணியால் அடித்து, மழைக்கு முன் ஏறிவிட்டார்கள். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கைமரம் உத்திரத்தின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு ஆணி, அதுவும் சாய்வாக.

புயல் கூரையை அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சுகிறது. காற்று வரும் பக்கத்து ஜன்னல் உடைந்துவிட்டால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கீழிருந்து தள்ளுகிறது. பாரத்தைத் தாங்க அடித்த ஆணி அந்த இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். முதலில் போவது முகடும் மூலைகளும் இறவாணமும். தகரத்திலிருந்து ரீப்பருக்கும், ரீப்பரிலிருந்து கைமரத்துக்கும், அங்கிருந்து உத்திரம், தூண், அடித்தளம் வரைக்கும் பிடிப்பு விட்டுப்போகாமல் இருந்தால் சாதாரணப் பைன் வீடே நின்றுவிடும். இதில் ஓரிடம் விட்டுப்போனாலும் மற்ற இடங்களில் செய்த செலவு வீண்.

5 ஆகஸ்ட், வெள்ளி

வெட்டி மிஞ்சிய துண்டுகளை அடுப்புக்கு எடுத்துப் போக இரண்டு பெண்கள் வந்தார்கள். பச்சை சாயல் தெரியும் அந்த மரத்தில் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றியிருக்கிறது. புகையும் சாம்பலும் நஞ்சு. எடுத்துச் சொன்னதும் உடனே கீழே போட்டுவிட்டார்கள், ஏற்கெனவே எடுத்துப்போன அண்டை வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். இனி துண்டுகளை ஒரே இடத்தில் பூட்டி வைக்கிறோம். மரம் கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் இதை முதல் நாளே சொல்ல வேண்டும்.

7 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று வேலை இல்லை. ஊரே தேவாலயத்தில். நாலு குரலில் எழும் அவர்கள் பாட்டு எங்கள் தங்கும் அறை வரை கேட்கிறது.

தலைநகர் சுவாவிலிருந்து வந்த ஒருவர் துறைமுகத்துக் கதையைச் சொன்னார். புயலுக்குப் பிறகு வெளிநாட்டு மக்கள் அன்போடு அனுப்பிய, ஆனால் யாரும் கேட்காத பொருள்கள் கொள்கலன் கொள்கலனாக வந்து குவிந்தனவாம். உயர்ந்த குதிகால் செருப்புகள், கைப்பைகள், கம்பளி உடைகள், தரைவிரிப்புகள். வெப்ப மண்டலத் தீவுக்குக் கம்பளி. அவற்றைப் பிரித்து, அடுக்கி, இடம் தேடி வைப்பதற்கு ஆட்களும் லாரிகளும் கிடங்குகளும் செலவாயின. அந்த இடமெல்லாம் தார்ப்பாய்க்கும் மரத்துக்கும் தேவைப்பட்ட இடம். கொடுக்க நினைப்பவர்களை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வேன்: பணமாகக் கொடுங்கள். இந்த ஊர்க் கடைக்காரரும் பிழைத்துக்கொள்வார்.

9 ஆகஸ்ட், செவ்வாய்

பென்னாங் சர்க்கரை ஆலைக்கு உள்ளே தள்ளி, கரும்புத் தோட்டத்து நடுவே ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனோம். ஆலை புயலில் பலமாக அடிபட்டு ஓடவில்லை. இங்கே வெட்டும் கரும்பு பா நகரத்து ரராவாய் ஆலைக்கு லாரியில் போகிறது. பாட்டியின் தாத்தா 1903-க்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்களில் ஒருவர். பாட்டி பேசுவது ஃபிஜி இந்தி. சங்கத்துப் பள்ளியில் படித்தவர். 1926-இல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தின் பள்ளிகள் இந்த ஊரிலும் இருக்கின்றன. இன்று அங்கே எல்லா இனத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள்.

பாட்டி சமையலறையாக இருந்த தகரக் கொட்டகையில் மகனோடும் பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். எங்கள் பட்டியலில் அவர் பெயர் 'நிலுவை' என்று இருந்தது. காரணம் நிலம். இந்த நாட்டில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவான நிலம் பூர்வகுடிக் குலங்களுக்கு உரியது. கரும்பு விவசாயிகள் குத்தகையில்தான் இருக்கிறார்கள். குத்தகை முப்பது ஆண்டு. இவருடையது முடியும் தறுவாயில்.

"கல்லும் சிமெண்டும் வேண்டாம், தம்பி. குத்தகையைப் புதுப்பிக்காவிட்டால் கல்லை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன்?" என்றார்.

நிலத்துக்குரிய குலத்தின் தலைவர் அடுத்த கிராமத்தில்தான் இருக்கிறார். பாட்டியின் மகனும் அவரும் ஒரே ரக்பி அணியில் ஆடியவர்கள். மாலையே போய்ப் பார்த்தோம். கவா குடித்துக்கொண்டே, வீடு கட்டச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். புயலன்று பாட்டி வீட்டார் ஒதுங்கியதும் அவருடைய கிராமத்தில்தானாம். அவர் அந்தச் சம்மதத்துக்கு ஒரு காசுகூடக் கேட்கவில்லை. குத்தகை புதுப்பிப்பு வேறு விஷயம், அது அவர் கையில் மட்டும் இல்லை. ஆகவே பாட்டிக்குத் தூண்மேல் நிற்கும் மரவீடு. எல்லா இணைப்பும் போல்ட்டும் திருகாணியும். போக வேண்டி வந்தால் கழற்றி எடுத்துப் போகலாம்.

12 ஆகஸ்ட், வெள்ளி

ஃபிஜிக்கு ஒலிம்பிக் தங்கம்! இந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமே இதுதான். ரியோவில் எழுவர் ரக்பி இறுதியாட்டம், பிரிட்டனுக்கு எதிராக 43–7. இங்கே காலை பத்து மணி. சுத்தியல்களைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் கடையிலிருந்த தொலைக்காட்சி முன் கூடினோம். வீடு இன்னும் கட்டி முடியாத மனிதர்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிப்ரவரிக்குப் பிறகு இவர்கள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இன்று யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

13 ஆகஸ்ட், சனி

கப்பல் வந்துவிட்டது என்று தகவல். லௌட்டோகா போய்ப் பட்டைகளை வாங்கிவிட்டேன், கிடைத்த அத்தனையும். கையோடு பக்கத்திலிருக்கும் கோரோய்பிட்டா குடியிருப்பையும் பார்த்து வந்தேன். ரோட்டரி வழியாக வீடு கட்டிக் கொடுத்துவந்த பீட்டர் டிரைஸ்டேல் உருவாக்கியது. போக்கிடம் இல்லாத ஏழைக் குடும்பங்களுக்கான ஊர். சின்னச் சின்ன மரவீடுகள்தான், ஆனால் 2012-இல் எவான் புயல் இந்தப் பக்கத்தைப் புரட்டியபோது தாங்கி நின்றவை. ஒரு வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழைந்து கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஒவ்வொரு கைமரத்திலும் பட்டை. வாசலில் பூச்செடி, பின்னால் காய்கறித் தோட்டம், பராமரிப்புக்குக் குடும்பங்களே ஒரு சிறு தொகை செலுத்துகின்றன. கட்டிக் கொடுத்துவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டிப் போய்விடாமல், பல ஆண்டுகள் கூடவே இருந்திருக்கிறார்கள். தொண்டு என்று நான் இதைச் சொல்வேன்.

18 ஆகஸ்ட், வியாழன்

நாட்டின் கொடியை மாற்றும் திட்டத்தைக் கைவிடுவதாகப் பிரதமர் பைனிமராமா நேற்று அறிவித்துவிட்டார். தங்கம் வென்ற நாளில் மக்கள் கையில் அந்தக் கொடியைப் பார்த்த பிறகு வேறெதுவும் சரியாக இருந்திருக்காது. புயல் மீட்புக்கு வேண்டிய நேரத்தில் கொடிக்குச் செலவிடுவது பொருந்தாது என்பதும் காரணம். தச்சர்கள் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வேலை செய்தார்கள்.

பாட்டி வீட்டுக் கூரையையே பயிற்சிக் கூடமாக்கினோம். நான்கு கிராமங்களிலிருந்து தச்சு தெரிந்த இளைஞர்கள் வந்தார்கள். மூத்த தச்சர் ஒருவர் பட்டையில்லாத கைமரத்தையும் பட்டை போட்டதையும் தரையில் அமைத்து, இரண்டையும் கடப்பாரையால் நெம்பச் சொன்னார். முதலாவது ஒருவரின் பலத்துக்கே வந்துவிட்டது. இரண்டாவதை மூவர் சேர்ந்தும் கிளப்ப முடியவில்லை. நான் வரைந்து வைத்திருந்த படங்களை யாரும் கேட்கவில்லை, தேவையும் இல்லை.

மாலையில் ஓர் இளைஞன் வந்து கேட்டான்: "எங்கள் வீட்டுக்கு மார்ச்சிலேயே கூரை போட்டுவிட்டோம். இப்போது எல்லாத் தகரத்தையும் கழற்ற வேண்டுமா?" வேண்டாம். இந்த ஊர் வீடுகளில் உட்கூரை கிடையாது. உள்ளே ஏணி வைத்து ஏறிப் பட்டையை அடித்துவிடலாம். மேலே முகட்டிலும் ஓரங்களிலும் திருகாணியை நெருக்கிப் போட்டால் போதும். இரண்டு தச்சர்களுக்கு ஒரு நாள் வேலை.

20 ஆகஸ்ட், சனி

புயல் அடித்து இன்றோடு ஆறு மாதம். அடுத்த புயல் காலம் நவம்பரில் தொடங்குகிறது.

நிதி தருபவர்களுக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். கையிலிருக்கும் பணத்தில் புது வீடுகள் சிலவற்றைக் கட்டலாம். கட்டினால் திறப்பு விழா இருக்கும், படம் இருக்கும். ஏற்கெனவே அவசரமாக ஏறிவிட்ட கூரைகளுக்குப் பட்டை போட்டால் படம் எடுக்க எதுவும் இராது. ஆனால் ஒரு புது வீட்டின் செலவில் ஒரு கிராமத்துக் கூரைகள் முழுவதையும் பட்டையால் பிணைத்துவிடலாம். பாட்டியைப் போல ஒதுங்க இடமே இல்லாதவர்களுக்கு ஒப்புக்கொண்ட வீடுகளை முடிப்போம், அதில் மாற்றம் இல்லை. மீதி அனைத்தும் நவம்பருக்குள் பட்டைக்கும் திருகாணிக்கும் தச்சர் கூலிக்கும் போகட்டும் என்று கேட்டிருக்கிறேன். கூலி என்பதை அடிக்கோடிட்டேன். பொருளுக்குக் கொடுத்துவிட்டு உழைப்பை இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மாலையில் பதில் வந்தது. முதல் இரண்டு கிராமங்களுக்கு ஒப்புதல், மற்றவை அடுத்த கூட்டத்தில். திங்கட்கிழமை கடற்கரைக் கிராமத்தில் தொடங்குகிறோம். முதலில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலிருக்கும் வரிசை, ஏனென்றால் அங்கேதான் பிள்ளைகள் அதிகம்.