தெரிஞ்சது வேற, அச்சுல வர்றது வேற

புலனாய்வு நிருபர்னு சொன்னதும் சொந்தக்காரங்கள்லாம் ரகசிய கேமரா, ராத்திரி போன்காலுன்னு என்னென்னமோ நினைச்சுக்கிறாங்க. நான் பாதி சர்வீஸ ஈசி பார்த்தே ஓட்டினவன். ஈசின்னா வில்லங்க சான்றிதழ்தான், பதிவுத்துறை வெப்சைட்ல கிராமத்தையும் சர்வே நம்பரையும் போட்டா அந்த நிலம் யார்கிட்ட இருந்து யாருக்கு போச்சுன்னு வரும்.

ஒரு தடவை ஒரு மாவட்டத்துல ரிங் ரோடு வரப்போறதா பேச்சு அடிபட்டுச்சு. அந்த பேச்சு கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க யாரு நிலம் வாங்குனாங்கன்னு உட்பிரிவு உட்பிரிவா பார்த்துட்டு வந்தேன். விக்கிறவங்க எல்லாம் உள்ளூர் விவசாயிங்க, வாங்கினவர் வெளியூர், அதே ஆளு பக்கத்து நிலத்துக்கு பவர் ஏஜென்ட். கிரயத்தொகை அப்படியே அரசு நிர்ணயிச்ச வழிகாட்டி மதிப்பு, அதுக்கு மேல ஒரு ரூபா இல்ல. இது வரைக்கும் எந்த ஊர்லயும் நடக்கிறதுதான். ஆனா ஈசியில சாட்சி பேரு வராது, அதுக்கு பதிவுத்துறைக்கு தனியா மனு போட்டு பத்திர நகல் வாங்கணும், விஷயம் இருக்கிறதே அங்கதான். பத்திரத்தோட கடைசி பக்கத்தை மட்டும் வரிசையா எடுத்து வச்சா, பெரும்பாலானதுல அதே ரெண்டு பேரு சாட்சி, அதுல ஒருத்தர் குடுத்திருந்த விலாசம் ஒரு அரசியல் பிரமுகரோட ஆபீஸ் இருக்கிற கட்டடம்.

சரி, பிரமுகரோட தேர்தல் அபிடவிட்ல ஏதாவது இருக்கான்னு பார்த்தா ஒண்ணும் இல்ல. 2002ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம்தான் வேட்பாளர் சொத்துக்கணக்கு குடுக்கணும்னே வந்துச்சு, பெரிய விஷயம்தான், ஆனா அந்த ஃபாரம் 26ல தன் பேரு, வீட்டுக்காரம்மா பேரு, இந்து கூட்டுக்குடும்பம், தன்னை நம்பி இருக்கிறவங்க பேரு அவ்வளவுதான். மச்சான் பேருல வாங்கிப் போட்டா அதுக்கு கட்டமே கிடையாது!

நிலம் யாருதுன்னு அந்த ஊர் டீக்கடையில கேட்டாலே சொல்லிடுவாங்க, ஆனா சாட்சியோட விலாசமும் அந்த கட்டடமும் ஒண்ணுங்கிறத மட்டும்தான் என்னால எழுத முடியும். பினாமின்னு ஒரு வார்த்தை போட்டா அத நிரூபிக்க வேண்டியது நான். கிரிமினல் அவதூறுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 2016ல சுப்ரீம் கோர்ட் அந்த சட்டம் செல்லும்னுடுச்சு, இப்போ ஐபிசிக்கு பதிலா வந்த பிஎன்எஸ் சட்டத்துல 356ன்னு நம்பர் மாறியிருக்கு, சமூக சேவையும் ஒரு தண்டனையா சேர்ந்திருக்கு, ரெண்டு வருஷம் அப்படியேதான். பதவியில இருக்கிறவங்களுக்காக அரசு வக்கீலே நேரா செஷன்ஸ் கோர்ட்ல கேஸ் போடலாம். ஜெயலலிதா ஆட்சியில அப்படி போட்ட கேஸ்கள்ல, 'தி இந்து' என். ராம் உள்பட பல பத்திரிகை ஆசிரியர்கள் மேல இருந்தத 2020ல தான் மெட்ராஸ் ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. எட்டு ஒன்பது வருஷம் வாய்தா. தண்டனையே தேவையில்ல, வாய்தாவே போதும்னு கேஸ் போடுறவங்களுக்கு நல்லாவே தெரியும்.

நமக்கு சாதகமா எதுவும் இல்லன்னு சொல்ல மாட்டேன். கொலைக் கைதி ஆட்டோ சங்கர் ஜெயில்ல இருந்து எழுதின சுயசரிதைய நக்கீரன் பத்திரிகை போடப்போறப்ப சிறை அதிகாரிங்க தடுக்கப் பார்த்தாங்க, 1994ல சுப்ரீம் கோர்ட், வெளிவர்றதுக்கு முன்னாடியே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்ல, பொது ஆவணத்துல இருக்கிறத எழுத யார் அனுமதியும் வேண்டாம்னு சொல்லுச்சு. அந்த ரெண்டாவது பாயின்ட்ட வச்சுத்தான் நாங்கள்லாம் பொழப்ப ஓட்டுறோம், பத்திர நகல் மேல எனக்கு இவ்வளவு பிரியம் அதனாலதான்.

ஆளுங்க சொல்ற தகவல் அப்படி இல்ல, சொன்னவங்க பேர காப்பாத்தணும். போபர்ஸ் பீரங்கி ஊழல்ல பத்திரிகையாளர் சித்ரா சுப்ரமணியத்துக்கு காகிதம் குடுத்தது ஸ்வீடன் போலீஸ் விசாரணைக்கு தலைமை தாங்கின ஸ்டென் லிண்ட்ஸ்ட்ராம்னு 2012ல அவரே சொன்ன பிறகுதான் ஊருக்கு தெரிஞ்சுது. 1987ல வெடிச்ச விஷயம், இருபத்தஞ்சு வருஷம் வாயத் திறக்கல அந்தம்மா. எனக்கு தகவல் குடுக்கிறவங்க பெரும்பாலும் புரமோஷன் கிடைக்காத கிளார்க்கோ பங்கு சரியா வராத கான்ட்ராக்டரோதான், தியாகின்னு யாரும் வர்றதில்ல, ஆனாலும் அவங்க பேரு வெளிய வந்தா அடுத்த நாளே டிரான்ஸ்ஃபர்.

ரிங் ரோடு விஷயம் பத்திரிகையில அரைப்பக்கம் வந்துச்சு, முழுசா எழுதினது பின்னாடி என் அரசியல் புத்தகத்துல. கைப்பிரதிய பதிப்பாளரோட வக்கீல் பென்சில வச்சுக்கிட்டு வரி வரியா படிச்சாரு. ஒவ்வொரு வரிக்கும் "இதுக்கு பேப்பர் இருக்கா சார்?" 'கொள்ளை'ன்னு எழுதியிருந்தேன், அத அடிச்சிட்டு வாங்குன விலையையும் ரோடு அறிவிச்சப்புறம் வித்த விலையையும் பக்கத்துல பக்கத்துல போடச் சொன்னாரு. எரிச்சலா இருந்துச்சு, ஆனா படிச்சப்ப அந்த ரெண்டு நம்பரும்தான் ஓங்கி அறைஞ்சுது. அதுல இருந்து அடைமொழி எழுதுற ஆசையே போயிடுச்சு எனக்கு. (ராயல்டி எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க.)

இப்போ தகவல் அறியும் உரிமை மனுவுக்கு பத்து ரூபா, முப்பது நாள்ல பதில் குடுக்கணும்ங்கிறதெல்லாம் அப்படியேதான் இருக்கு. ஆனா 2023ல கொண்டுவந்த டேட்டா பாதுகாப்பு சட்டத்த வச்சு, தகவல் உரிமைச் சட்டத்தோட 8(1)(ஜே) பிரிவ மாத்திட்டாங்க. பொதுநலன் இருந்தா தனிப்பட்ட தகவலையும் குடுக்கலாம்னு அந்த பிரிவுல இருந்த வரிய எடுத்தாச்சு. பொதுநலன் பெருசுன்னா குடுக்கலாம்னு சொல்ற 8(2)னு இன்னொரு பிரிவு மிச்சம் இருக்கு, அத எடுத்துக்காட்டி வாதாடணும், அதுக்கு அப்பீல் போட்டு தகவல் கமிஷன் வரைக்கும் நடக்கணும். புதுசா வர்ற பசங்க என்கிட்ட கேட்டா, ஆர்டிஐ போட்டுட்டு சும்மா உட்காராம பத்திர நகல் கிடைக்கிற காலத்துலயே கிடைக்கிறத எல்லாம் வாங்கி வச்சுக்கோங்கடான்னுதான் சொல்றேன்.